முகத்தில் ஆறு பூச்சு, லயத்தில் ஒரு பீலி

தம்பி,

நேற்று மாலை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து மூன்று முறை திருப்பி எடுத்தாய். சிக்னல் போகவில்லை. வேண்டுமென்றேதான் நான் எடுக்கவில்லை. "தர்ஷினிக்கு மூஞ்சி ஆறட்டும்மா, கல்யாணத்த ரெண்டு மாசம் தள்ளிப்போடுவோம், போட்டோ வீடியோ எல்லாம் இருக்குல்ல" என்று நீ சொன்ன விதம், மழை வந்ததால் விளையாட்டுப் போட்டியைத் தள்ளிப்போடுகிற மாதிரி இருந்தது. நீ கட்டப்போகிற பிள்ளையின் அந்த முகத்துக்கு என்ன ஆனது, யாரால் ஆனது என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. அதனால் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் "சரிம்மா, கஸ்டமர் வந்துட்டாங்க" என்பாய். உனக்கு மட்டும் எழுதினால் மடித்து வைத்துவிடுவாய். எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன், ஏனென்றால் நீ அவளுக்கு அனுப்பியது போன்ற பூச்சுப் பை அட்டனிலிருந்து அக்கரப்பத்தனை வரை எத்தனை தோட்டத்து லய வீட்டுக்குள் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பெயரைப் போடலாமா என்று தர்ஷினியிடம் கேட்டேன். "போடுங்க அத்த. என்னோட மூஞ்சிதானே, நான் என்னா திருடுனேனா?" என்றாள். உன் பெயரை நான் போடவில்லை. உன்னைக் காப்பாற்ற இல்லை. படிக்கிற ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் பையனின் பெயரை அங்கே வைத்துப் பார்க்கட்டும் என்பதற்காக.

போன வருடம் நானும் அப்பாவும் கொழும்புக்கு வந்தபோது நீ வேலை செய்கிற அழகுசாதனக் கடையில் ஓரமாக உட்கார்ந்து அரை நாள் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வந்த ஓர் அம்மாவுக்கு நீ போத்தல்களை வரிசையாக அடுக்கிக் காட்டினாய். தண்ணீர் மாதிரி இருப்பது முதலில், கெட்டியாக இருப்பது பிறகு. கெட்டியை முதலில் பூசினால் மேலே பூசுகிற தண்ணீர் உள்ளே போகாது. காலையில் சன்ஸ்கிரீன் எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக. ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. சிங்களத்திலும் சொன்னாய், தமிழிலும் சொன்னாய், நடுவில் இங்கிலீஷும் விட்டாய். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்பா என் காதில், "நமக்கெல்லாம் சவரம் பண்ணி படிகாரத்த தேய்ச்சா முடிஞ்சிச்சு. இவன் என்னாடி, ஒரு மூஞ்சிக்கு ஆறு மாடி கட்டுறான்" என்றார். நான் சிரித்தேன். பெருமையாகவும் இருந்தது. லயத்துப் பிள்ளை ஒருவன் கண்ணாடிக் கடைக்குள் நின்று படித்தவர்களுக்குப் பாடம் எடுக்கிறான் என்று திரும்பி வருகிற ரயிலில் வட்டவளை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். இதைச் சொல்வது நீ செய்கிற வேலையை நான் கேவலமாக நினைக்கவில்லை என்று நீ தெரிந்துகொள்வதற்காக. நீ அந்த அம்மாவுக்குச் சொன்ன வரிசை சரியான வரிசைதான். டொக்டரும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு வருகிறேன்.

தர்ஷினிக்கு நீ அனுப்பிய பையில் ஆறு சாமான் இருந்தது. முகம் கழுவுகிற நுரை, பஞ்சில் தொட்டுத் துடைக்கிற டோனர், சொட்டுச் சொட்டாக விடுகிற சீரம், ஈரம் காக்கிற கிரீம், சன்ஸ்கிரீன். ஆறாவது, கையில் அடங்குகிற ஒரு வெள்ளை டப்பா. மற்ற ஐந்திலும் எழுத்து இருந்தது. டப்பாவில் ஒரு எழுத்து இல்லை. என்ன கலந்தது, யார் செய்தது, எந்த நாட்டில் செய்தது, எதுவும் இல்லை. "இது வெளியில விக்கிறதில்ல, ஓனர் தெரிஞ்சவங்களுக்கு மட்டுந்தான் குடுப்பாரு. ராத்திரிக்கு மட்டும் போடு. மூணு வாரத்துல பாரு, அடையாளமே தெரியாது" என்று நீ குரல் பதிவு அனுப்பியிருக்கிறாய். அதை அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள். கடைக்குள் கண்ணாடி அலமாரியில் வைக்க முடியாததை மேசைக்கு அடியில் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று உன் முதலாளியிடம் நீ ஒரு நாளாவது கேட்டாயா? கார் சாவி அம்மாவுக்கு அதை நீ கொடுத்திருப்பாயா? கொடுத்திருக்க மாட்டாய். அவர் அடுத்த நாளே வக்கீலோடு வந்து நிற்பார் என்று உனக்குத் தெரியும். தேயிலைக் கொழுந்து எடுக்கிற பிள்ளைக்குக் கொடுத்தால் யாரும் வரமாட்டார்கள் என்றும் உனக்குத் தெரியும்.

இனி என் குற்றம். போன தை மாதம் அவளைப் பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் இருந்தே உனக்குப் போன் செய்தேன். "நல்ல புள்ள, வாய்த்துடுக்கு இல்ல, மூக்கும் முழியும் அம்சமா இருக்கு. கொஞ்சம் வெயில் குடிச்சிருச்சு, அவ்வளவுதான். கல்யாணத்துக்குள்ள தெளிஞ்சிரும்" என்றேன். பதினெட்டு வயதிலிருந்து காலை முதல் பின்மாலை வரை மலையில் நிற்கிற பிள்ளை வெயில் குடிக்காமல் வேறு எதைக் குடிக்கும்? இருபத்திரண்டு வருடம் அதே வெயிலில் நின்ற என் வாயிலிருந்து அது வந்தது. நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு நீ ஆறு போத்தலில் பதில் அனுப்பினாய். அவளுடைய அம்மா பையைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டில் நிறம் எதிர்பார்க்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். தப்பாக முடிவு செய்யவில்லை.

இன்னும் பழையது ஒன்று இருக்கிறது. நீ முதலாம் வகுப்பில் இருந்தபோது கலைவிழாவில் உன்னைப் பாட்டுக்குச் சேர்த்துப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். நீ வகுப்பிலேயே குள்ளமான பிள்ளை. ஏன் பின்னால் என்று கேட்டதற்கு, "கறுத்த புள்ளைங்கள முன்னால விட்டா லைட்டுல மூஞ்சி விழாதுங்க" என்று டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அந்த இடத்தில் சண்டை போட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு டின் பவுடரை எடுத்து உன் முகத்தில் அப்பிக் கொண்டுபோய் விட்டேன். வியர்வையில் அது கோடு கோடாக ஒழுகியது. பிள்ளைகள் உன்னை "சுண்ணாம்புச் சட்டி, சுண்ணாம்புச் சட்டி" என்று கத்தினார்கள். நீ அழுதுகொண்டே சட்டைக் கையால் துடைத்தாய். துடைத்ததற்கு நான் உன்னை அடித்தேன். டீச்சரை அடிக்க வேண்டிய கையால் உன்னை அடித்தேன். நிறம் என்பது நம்முடைய குறை, அதை நாம்தான் பூசி மறைக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது உன் முதலாளி இல்லை, நான். இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சாக்காக வைத்து நீ தப்பிக்கப் பார்க்காதே. உனக்கு இருபத்தேழு வயது. பவுடர் போட்டது நான். டப்பா அனுப்பியது நீ.

இப்போது அந்த டப்பாவுக்கு என்ன நடந்தது என்று கேள். தர்ஷினியின் லயத்தில் பன்னிரண்டு வீடு. எல்லாருக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடிக்க ஒரே குழாய், ஒரு பீலி. விடிவதற்கு முன் தண்ணீர் வரும், பெரட்டுக்கு ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுகிற நேரத்தில் நின்றுபோகும். அந்திக்கு வீடு திரும்பும்போது பீலியில் சொட்டுத்தான் விழும். காலையில் பிடித்து வைத்த இரண்டு வாளியில்தான் சோறு, தேத்தண்ணி, படுக்கையில் கிடக்கிற அவள் அப்பாவுக்கு உடம்பு துடைக்க, எல்லாம். உன் குரல் பதிவில், "ராத்திரி மொதல்ல நுரை போட்டு நல்லா கழுவணும், ரெண்டு தடவ கழுவுனா இன்னும் நல்லம்" என்று வருகிறது. அவள் வாளியைப் பார்த்திருக்கிறாள். அப்பாவைப் பார்த்திருக்கிறாள். கழுவாமல் பூசக்கூடாது என்று நீதான் அழுத்திச் சொல்லியிருக்கிறாய். முகத்தை நன்றாகக் கழுவ முடிவது காலையில் மட்டும்தான். அதனால் ஆறையும் காலையிலேயே பூசினாள். நுரை, டோனர், சீரம், அதற்கு மேலே ராத்திரி டப்பா, அதற்கு மேலே கிரீம், அதற்கு மேலே சன்ஸ்கிரீன். மெல்லியதிலிருந்து கெட்டிக்கு, நீ சொன்ன வரிசை தப்பாமல். விடியலில் குப்பி விளக்கு மாதிரி எரிகிற ஒரு பல்பின் கீழே, ஒவ்வொன்றும் காய்வதற்கு விசிறிக்கொண்டு நின்றிருக்கிறாள். பிறகு தலையில் துணியைக் கட்டி, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, எட்டு மணி நேரம் வெயிலில்.

சின்ன டியூப் சன்ஸ்கிரீன் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. டப்பா முடியவில்லை. நிறுத்தவும் மனம் வரவில்லை, ஏனென்றால் முகம் உண்மையிலேயே வெளுத்தது. மூன்றாவது வாரம் கங்காணி அவளைப் பார்த்து, "என்னா தொரசாணி, கொழுந்தெடுக்க வந்தியா, பங்களாவுக்கு விருந்துக்கு வந்தியா?" என்று கேட்டாராம். பெண்களெல்லாம் சிரித்தார்களாம். "எனக்கு கோவம் வரல அத்த. சந்தோசமா இருந்துச்சு. அதத்தான் இப்ப நெனைக்க வெக்கமா இருக்கு" என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அதே டப்பாவிலிருந்து விரலால் தொட்டுப் பூசியிருக்கிறார்கள். நாலாவது வாரம் எரிச்சல் தொடங்கியது. கூடைக் கயிறு உரசுகிற இடத்தில் தோல் உரிந்தது. கன்னம் சிவந்து, பொரிந்து, பிறகு திட்டுத் திட்டாகக் கறுத்தது. பயந்து டப்பாவை நிறுத்தினாள். நிறுத்தியதும் இன்னும் மோசமானது. உனக்குப் போன் செய்தாள். "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது, திரும்பப் போடு" என்று சொன்னாயா இல்லையா? அந்தக் குரல் பதிவையும் கேட்டேன்.

ரவிக்கைக்கு அளவு எடுக்க ஞாயிற்றுக்கிழமை நான் தலவாக்கலை வழியாக இரண்டு பஸ் மாறிப் போனேன். அவள் குசினிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அவள் அம்மா தேத்தண்ணியை என் கையில் கொடுக்கும்போது பாதி சாசரில் கொட்டிவிட்டது. "அண்ணி, புள்ளைக்கு சூடு புடிச்சிருச்சு, லேசா. மாப்புள்ள வீட்டுல மட்டும் சொல்லிறாதீங்க" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயோ, நீங்கதானே மாப்புள்ள வீடு" என்று வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்க வேண்டிய நேரமாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். நான் எழுந்து குசினிக்குள் போனேன். அடுப்புப் புகைக்குள், சால்வையால் கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எடு புள்ள" என்றேன். "வேணாங்க அத்த, பாத்தீங்கன்னா கல்யாணம் நின்னுரும்" என்றாள். எரிகிறது என்று சொல்லவில்லை. வலிக்கிறது என்று சொல்லவில்லை. முதலில் வந்த வார்த்தை அது. சால்வையை எடுத்துப் பார்த்தேன். அந்த முகத்தை இங்கே எழுத மாட்டேன். நீ வந்து பார்.

மறுநாள் அவளையும் அந்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தோல் கிளினிக்குக்குப் போனேன். மூன்று பேருக்கும் ஒரு நாள் பெயர் விழாது, சம்பளம் கிடைக்காது என்று கங்காணி கத்தினார். கத்தட்டும். டொக்டர் சிங்களப் பெண், தமிழ் கொஞ்சம் பேசுவார். டப்பாவை மூக்கருகில் கொண்டுபோனார், உடனே மூடினார். "இது யார் குடுத்தது?" என்று கேட்டார். தர்ஷினி என்னைப் பார்க்காமல், "கடையில வாங்குனேங்க" என்றாள். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சொன்னேன், "என் மகன் குடுத்தான் டொக்டர். இவ கட்டிக்கப்போற பையன்." அவர் பேனாவை எடுத்தார். "எந்த நேரம் பூசுறது?" என்று கேட்டார். "காலையில." "காலையில? இதெல்லாம் ராத்திரிக்குத்தானே சொல்றது?" "ராத்திரி மூஞ்சி கழுவ தண்ணி இல்லீங்க டொக்டர்." அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அந்த அறையில் அந்த ஒரு நொடிக்காகத்தான் எனக்கு அழுகை வந்தது. தெரியாத ஒரு மனுஷிக்கு அது உறைத்தது. உனக்கு உறைக்கவில்லை. பதினாறு வயது வரை அதே மாதிரி ஒரு பீலியில் வாளியோடு வரிசையில் நின்றவன் நீ. பதினொரு வருடம் கொழும்பில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தவுடன், எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாய். வேறு யாராவது அனுப்பியிருந்தால் தெரியாமல் செய்தான் என்று மன்னித்திருப்பேன்.

சோதித்துப் பார்க்காமல் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். ஆனால் மூன்று வாரத்தில் முகத்தை வெளுக்க வைப்பதில் பெரும்பாலும் ஸ்டீரொய்ட் இருக்கும், பாதரசம்கூட இருக்கலாம் என்றார். தோல் மெலிந்துவிடும், வெயில் தாங்காது, நிறுத்தினால் சிவந்து பொங்கும், ஆறப் பல மாதம் எடுக்கும், கறுத்த திட்டு முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னார்: நீ சொன்னபடி ராத்திரியில் மட்டும் பூசியிருந்தாலும் இது நடந்திருக்கும், கொஞ்சம் தாமதமாக. ஆகவே அவள் நேரத்தை மாற்றினாள் என்று அவள் மேல் பழி போட வழியில்லை. இரண்டு மாதம் தள்ளிப்போடுவோம் என்கிறாயே, இரண்டு மாதம் என்று உனக்கு யார் சொன்னது?

பிறகு டொக்டர் ஒரு காரியம் செய்தார். உன் ஆறையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் வாளியில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்று கேட்டார். ஒரு கோப்பை என்றாள். ஒரு கோப்பைக்கு ஏற்ற மாதிரி எழுதிக் கொடுத்தார். உனக்கும் எழுதுகிறேன், உன் மேசையில் ஒட்டிவைத்துக்கொள். காலையில் வெறும் தண்ணீரில் முகம் கழுவித் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன் வாசனை இல்லாத சாதாரண ஈரப்பத கிரீம், அது உள்ளே இறங்கிய பிறகு கடைசியாக சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, காது கழுத்து விடாமல். அது காய்ந்த பிறகுதான் தலைத்துணி. மத்தியானம் கொழுந்து நிறுக்கக் கூடுகிற நேரத்தில் வியர்வையை ஒற்றி எடுத்துவிட்டு இன்னொரு தடவை. கயிறு படுகிற இடத்துக்கு மெல்லிய பருத்தித் துணி, முகத்துக்கு அகலமான தொப்பி. ராத்திரி அரைக் கோப்பைத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, தந்த மருந்து, அதற்கு மேலே அதே கிரீம். முடிந்தது. சீரம் வேண்டாம், டோனர் வேண்டாம். தோல் ஆறிய பிறகு புதிதாக ஏதாவது பூச ஆசைப்பட்டால் ஒன்றை மட்டும் எடுத்து, முதலில் முழங்கையின் உள்பக்கம் சில நாள் பூசிப் பார்த்துவிட்டு, பிறகு முகத்துக்கு. ஒரே நாளில் ஆறு புதுச் சாமானை ஒரு முகத்தில் ஏற்றுவது பைத்தியக்காரத்தனம் என்றார். எது கெடுத்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது. எழுத்து இல்லாத டப்பாவை எந்த வரிசையிலும் வைக்காதே. முதலாவதாகவும் இல்லை, கடைசியாகவும் இல்லை.

மெல்லியது முதலில், கெட்டி பிறகு என்று உனக்குத் தெரியும். யார் பூசப்போகிறார்கள், எந்த வெயிலில் நிற்பார்கள், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்க மட்டும் உனக்குத் தெரியவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பைப் லைன் போட்டுத் தருகிறோம் என்று வந்து மாலை வாங்கிப் போகிறவர்களுக்கும் அது தெரியவில்லை. லயத்து ஆட்களுக்குக் காலைத் தண்ணீர் போதும் என்று முடிவு செய்த தோட்டத்து ஆபீசுக்கும் தெரியவில்லை. அவர்கள்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் பழையது, மரத்துப்போனது. உன்மேல் இருப்பது புதிது. நீ எங்களிலிருந்து போனவன்.

நேற்று நீ தள்ளிப்போடச் சொன்னதை இன்று காலை நேரில் போய்த் தர்ஷினியிடம் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. மலையில் நின்றுகொண்டிருந்தாள், தொப்பி போட்டுக்கொண்டு. கையை நிறுத்தவில்லை. இரண்டு பிடி கொழுந்தைக் கூடைக்குள் எறிந்துவிட்டுத்தான் பேசினாள். "அவர வரச் சொல்லுங்க அத்த. வீட்டுக்கு இல்ல, இங்கன, மலைக்கு. பகல்ல. நான் மூடிக்கிட்டு நிக்கமாட்டேன். பாத்துட்டு அவர் சொல்றத சொல்லட்டும். தள்ளிப்போடுறது மட்டும் கிடையாது. குறிச்ச நாள்ல இல்லன்னா என்னிக்கும் இல்ல. அப்புறம் நானும் அவர் மூஞ்சியப் பாக்கணும்ல, எனக்குப் புடிக்குதான்னு." பக்கத்து நிரையில் நின்ற பெண் ஒருத்தி, "அடி ஆத்தீ" என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. முகத்தில் கை படக்கூடாது என்பதால் தோளைத் தட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை முதல் ரயிலில் ஏறு. கையில் பை வேண்டாம், போத்தல் வேண்டாம், மன்னிப்புக் கேட்க முதலாளி கொடுத்த பரிசு எதுவும் வேண்டாம். மேலே ஏறிப் போய், எல்லாப் பெண்களும் பார்க்க, அவள் முன்னால் நின்று நீ செய்ததைச் சொல். அவள் சரி என்றால் குறித்த நாளில் கல்யாணம் நடக்கும், அந்த முகத்தோடு, ஒரு பூச்சு இல்லாமல், போட்டோவும் வீடியோவும் உட்பட. வேண்டாம் என்றால், பத்திரிகை வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய், பெண்ணுக்குக் குறை என்று யாரும் வாய் திறப்பதற்கு முன் சொல்லிவிட்டு வருவேன்: "என் மகன அந்தப் புள்ள வேணாம்னு சொல்லிருச்சுங்க. சரியாத்தான் சொல்லியிருக்கு."

அம்மா